போர்வை அலமாரிக்குள் தங்கள் மகள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

அநேக வணக்கங்கள். தங்கள் முதுகு வலி குறைந்திருக்கும் என்றும், சம்பந்தியம்மாள் சுகமாக இருப்பார்கள் என்றும் நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். 'ந' போட்டதோடு கை நின்றுவிட்டது. தபால் துறையில் வாழ்நாளைக் கழித்தவன் நான். ஊரார் கடிதங்களை மூட்டை மூட்டையாக முத்திரை குத்தி அனுப்பியவன். எனக்கே ஒரு கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் போகும் என்று கனவிலும் நினைத்ததில்லை. ஆகையால் நேராகவே சொல்லிவிடுகிறேன். தங்கள் மகள் கத்துகிறாள்.

பதற வேண்டாம். அவளை யாரும் ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் சண்டை சச்சரவு கிடையாது. அவள் பாட்டுக்குக் கத்துகிறாள். பேச்சுவாக்கில் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நிஜமாகவே அவள் பாட்டு.

கல்யாணப் பேச்சு நடந்தபோது தாங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "எங்க பொண்ணு அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா சம்பந்தி. பக்கத்து ரூம்ல இருந்தாக்கூட இருக்காளா இல்லையான்னு தெரியாது." நான் அதை நூற்றுக்கு நூறு நம்பினேன். வந்த நாளிலிருந்து அப்படித்தான் இருந்தாள். கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சொட்டு மருந்து விட்டு, "மேல பாருங்க, கண்ணை மூடிக்குங்க, தேய்க்காதீங்க" என்று சொல்வாளே, அதே குரல்தான் வீட்டிலும். போன் வந்து அவள் 'ஹலோ' சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் "யாரும் எடுக்கலையே" என்று வைத்துவிடுவார். இவ்வளவு அமைதியான மருமகள் யாருக்கு வாய்ப்பாள் என்று நான் பென்ஷன்காரர்கள் சங்கத்தில் பெருமையடித்திருக்கிறேன். அந்த சங்கத்தில் இனி எந்த முகத்தோடு நுழைவேன் என்று தெரியவில்லை.

நிற்க. போன சனிக்கிழமை முற்பகல் முடி வெட்டிக்கொள்ளப் போனேன், கடையில் கூட்டம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன், அதாவது நான் அந்த நேரத்தில் வீட்டுக்கு வருவேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். கதவைத் திறந்தால் உள்ளே மயான அமைதி. ஃபேன் ஓடவில்லை, ஃபிரிட்ஜின் உறுமல் இல்லை, சரி, கரண்ட் போய்விட்டது என்று பார்த்தால் சுவிட்சுப் பலகையில் சிவப்பு விளக்கு ஜம்மென்று எரிகிறது. சோபாவில் என் மனைவி வியர்த்து விறுவிறுத்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள். பயத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். 'என்னடீ ஆச்சு' என்று கேட்க வாயெடுத்ததுதான் தாமதம், மகனும் மருமகளும் இருக்கும் அறையிலிருந்து வந்ததே ஒரு சத்தம்! சம்பந்தி, அதை எந்த எழுத்தில் எழுதுவது? பாரம் ஏற்றிய லாரி சறுக்கிக்கொண்டே பிரேக் பிடித்தால் ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்கு வாயும் வார்த்தையும் முளைத்த மாதிரி. "விடு! விடு! என்னை விடு!" என்று மூன்று தடவை. பெற்ற பிள்ளை இப்படிப்பட்டவனாகப் போனானே என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் குடையை எடுத்துக்கொண்டு, மாடிப்படியில் பாதி ஏறி மேல் வீட்டு ஜிம் மாஸ்டரைக் கூப்பிட்டேன். நான் கூப்பிட்டால் தெருக்கோடி வரை கேட்கும் என்பது தாங்கள் அறிந்ததே. அவர் பனியனோடு இறங்கி ஓடி வந்தார். "கதவை உடைங்க மாஸ்டர், பொண்ணு உயிர் போகுது!" என்றேன். அந்த நல்ல மனிதர் நான்கடி பின்னால் போய்த் தோளைக் கொடுத்து மோதினார். கதவு தாழிடப்படவே இல்லை. மோதிய வேகத்தில் கட்டிலையும் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தார்.

உள்ளே நான் கண்ட காட்சி பின்வருமாறு. போர்வையும் மெத்தை விரிப்பும் வைக்கிற சுவர் அலமாரி திறந்து கிடக்கிறது. கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு அதற்குள் தங்கள் மகள் நிற்கிறாள். காதில் பெரிய ஹெட்போன், வாய்க்கு எதிரே கம்பியில் தொங்கும் மைக், கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கிறது. சுற்றிலும் போர்வைகள், எங்கள் கல்யாணத்துக்கு வந்த கம்பளி உட்பட. என் மகன் முட்டி போட்டு ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் பாட்டு எழுதிய காகிதமும் பிடித்துக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "ஐயோ அப்பா, நல்ல டேக் போச்சுப்பா!" தங்கள் மகள் நிதானமாக ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அந்தப் பழைய குரலில், காதைத் தீட்டிக்கொண்டால் மட்டுமே கேட்கும் குரலில், "மாமா வந்துட்டீங்களா? சாப்பிடுறீங்களா?" என்றாள். லாரியும் இவள்தான், சாப்பிடுறீங்களாவும் இவள்தான் என்று மூளைக்கு ஏறவே இல்லை.

கட்டிலுக்குப் பின்னாலிருந்து ஜிம் மாஸ்டரின் தலை மட்டும் எழுந்தது. "சிஸ்டர், இப்பக் கத்துனது நீங்களா? இதை நம்ம ஜிம்ல போட்டா வெயிட் தானா மேல போகும்" என்றார். உதவிக்குக் கூப்பிட்ட ஆள் அந்த நிமிடமே கட்சி மாறிவிட்டார்.

ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்து விசாரணை நடத்தினேன். "இது என்னம்மா?" என்றேன். "ஆல்பம் மாமா. எங்களோட முதல் ஆல்பம்" என்றாள். கல்யாண ஆல்பம்தான் பீரோவில் இருக்கிறதே, அதற்கு எதற்குக் கத்த வேண்டும் என்று கேட்டேன். அது போட்டோ ஆல்பம், இது பாட்டு ஆல்பம் என்று என் மகன் விளக்கினான். இவர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். குழுவின் பெயர் 'கதவிடுக்கு'. பெயர்க் காரணம் கேட்டேன். "கதவிடுக்குல விரல் மாட்டினா என்ன சத்தம் வருமோ அதாம்பா" என்றான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நடக்கிறதாம். அவளைப் பிடித்துப்போனதே அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் என்று என் மகன் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான். என்ன வகைப் பாட்டு என்றதற்கு "போஸ்ட் ஹார்ட்கோர்" என்றான். உண்மையைச் சொல்கிறேன் சம்பந்தி, 'போஸ்ட்' என்றதும் ஒரு கணம் எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. நம் துறையைப் பற்றியும் யாரோ பாட்டெழுதியிருக்கிறார்களே என்று நினைத்தேன். அது ஏதோ மேல்நாட்டு அலறல் இசை வகை, தபாலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை என்று தெரிந்தபோது ஏற்பட்ட ஏமாற்றத்தை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

வாத்தியங்களையெல்லாம் ஸ்டுடியோவில் முறையாகப் பதிவு செய்துவிட்டார்களாம். குரல் மட்டும் பாக்கி. அதை ஏன் அங்கேயே கத்தித் தொலைக்கவில்லை என்றால், தங்கள் மகளுக்குக் கூச்சமாம்! கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதால் அவளுக்கு வாய் வரவில்லையாம். கூச்ச சுபாவமுள்ள பெண் என்று தாங்கள் சொன்னது பொய்யில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். போர்வைக்குள் நின்றால்தான் அவளுக்கு அலற வரும். ஆகவே மைக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, நான் வெளியே போகும் நேரம் பார்த்து, ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜைப் பிடுங்கி, ஒன்பது பாட்டை முடித்துவிட்டார்கள். பத்தாவது ஒன்றுதான் மிச்சம்.

இதை வாய்ப்பேச்சால் நிறுத்த முடியாது, வைத்தியத்தால் நிறுத்தலாம் என்று திட்டமிட்டேன். திங்கட்கிழமை அவளைத் தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனேன். இப்படிக் கத்தினால் தொண்டை கிழிந்துவிடும், உடனே நிறுத்து என்று டாக்டர் வாயாலேயே வரட்டும் என்பது என் எண்ணம். வரவேற்பில் டோக்கன் வரிசையைக் குளறுபடி செய்து எங்களுக்குப் பின்னால் வந்தவரை உள்ளே விட்டார்கள், நான் நியாயம் கேட்டேன், அது ஒரு பத்து நிமிடம். பிறகு உள்ளே போனோம். டாக்டர் குழாய் மாதிரி ஒரு கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, "ரொம்ப ஆரோக்கியமான தொண்டை. எப்படிக் கத்துறீங்க?" என்றார். "வயித்துலேர்ந்து மூச்சு எடுத்துக்கணும் டாக்டர். தொண்டையை இறுக்கக் கூடாது" என்றாள் இவள். டாக்டர் பிரமாதம் என்று தலையாட்டிவிட்டு, "சரி, அப்ப இவ்வளவு நேரம் வெளியில கத்திக்கிட்டு இருந்தது யாரு?" என்றார். இவள் மெதுவாக என் பக்கம் கை காட்டினாள். என்னையும் உட்கார வைத்து அந்தக் குழாயை விட்டார். குரல்நாண் தடித்து வீங்கியிருக்கிறதாம். "என்ன வேலை பாத்தீங்க?" "தபால் ஆபீஸ் கவுண்டர்." "வீட்லயும் கவுண்டர்ல பேசுற மாதிரியே பேசுவாரோ?" என்று டாக்டர் என்னைக் கேட்கவில்லை, தங்கள் மகளைக் கேட்டார். ஒரு வாரம் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். போனில் சொல்ல வேண்டியதை நான் ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்பது இப்போது தங்களுக்கு விளங்கியிருக்கும். கத்துகிறவள் ஊரெல்லாம் கத்தலாமாம், நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமாம். நியாயம் எங்கே போய்விட்டது?

மறுநாள் என் மகன், "அப்பா, ஒரு தடவை வந்து கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க" என்று ஸ்டுடியோவுக்கு அழைத்தான். திட்ட முடியாது என்று தெரிந்துதான் அழைத்திருக்கிறான். அவர்கள் இருவரோடும் போனேன். ஒரு மாவு மில்லுக்கு மேலே இருக்கும் அறை. சுவர் முழுக்க முட்டைத் தட்டு மாதிரி கறுப்பு ஸ்பாஞ்ச். கிட்டார் வாசிப்பவன் ஒட்டடைக்குச்சி போல உயரம், கூப்பிடுவதும் 'ஒட்டடை' என்றுதான். அதுகூடப் பரவாயில்லை. டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, "வாங்க சார், அந்தக் கடைவாய்ப் பல்லு இப்ப எப்படி இருக்கு?" என்றார். எனக்குப் பல் கட்டிய டாக்டர்! சம்பந்தி, அந்த மனிதரை நம்பி நான் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிறேன்! அந்தக் கையால்தான் இதை அடிக்கிறார். என் நாக்கு தானாகப் போய் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

எனக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, பதிவு செய்து முடித்த ஒன்பது பாட்டையும் ஓடவிட்டார்கள். ஆல்பத்தின் பெயர் 'அமைதி காக்கவும்'. கண் ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருப்பதாம். முதலில் குழாய் சொட்டுவது மாதிரி கிட்டார் மெல்ல விழுந்தது. பிறகு தங்கள் மகள் பாடினாள். கத்தவில்லை, பாடினாள், குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி. அட, இதுவா, இதற்கா பயந்தோம் என்று கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தேன். சாய்ந்திருக்கக் கூடாது. அடுத்த நொடி பல் டாக்டர் விழுந்து அடித்தார், ஒட்டடை கரண்ட் கம்பியைப் பிடித்தவன் போல் வாசித்தான், இவள் அலறினாள், என் மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்தது. எழுந்து ஓடலாம் என்றால் ஹெட்போன் ஒயர் பிடித்து இழுக்கிறது. 'நிறுத்துங்கடா' என்று சொல்ல வாயில் சத்தமில்லை. ஆக, என் ஆயுசில் முதல் தடவையாக, ஒருவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டேன்.

அப்படிக் கேட்டபோதுதான் மூன்றாவது பாட்டில் வார்த்தைகள் பிடிபட்டன. "நாற்காலி மேல ஈரத் துண்டு. நேத்தும் இருந்தது, இன்னைக்கும் இருக்கு. யாரு எடுப்பா?" இதை முதலில் மெதுவாகப் பாடுகிறாள். பிறகு "யாரு எடுப்பா! யாரு எடுப்பா!" என்று இடி விழுவதுபோலக் கேட்கிறாள். யாரோ பொறுப்பில்லாத மனிதனைப் பற்றி எழுதியிருக்கிறாள், சரியான கேள்விதான் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது ஒட்டடையும் பல் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்கள். என் மகன் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். அவன் போட்டிருந்தது செருப்பு. சம்பந்தி, குளித்துவிட்டுத் துண்டைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் போடுவது நான்தான்! உலகம் பூராவும் கேட்கப்போகும் பாட்டில் என் துண்டு!

வரும் வழியில் ஆட்டோவில், டாக்டர் பேச்சை மீறி, தங்கள் மகளிடம் கிசுகிசுவென்று கேட்டேன். "ஏம்மா, துண்டு உனக்குத் தொந்தரவா இருந்தா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் மாமா."

"எப்ப?"

"நெறைய தடவை. நான் மெதுவாத்தான் சொன்னேன். உங்களுக்குக் கேக்கல."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. மேல பாருங்க, கீழ பாருங்க மாதிரிதான் சொன்னாள். ஆட்டோ சத்தத்தில் அதுவும் பாதிதான் கேட்டது. அவள் பக்கம் குனிந்து மீதியைக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து துண்டைக் கொடியில் போட்டேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை.

என் கதை இத்துடன் முடிந்திருந்தால் தங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். ஆறாவது பாட்டு தங்களைப் பற்றியது. சொல்லவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பாட்டின் பெயர் 'ஆளுங்க பாக்குறாங்க'. சின்ன வயதில் அவள் சைக்கிளிலிருந்து தெருவில் விழுந்தாளாமே, தாங்கள் ஓடிப்போய்த் தூக்கினீர்களாமே. வலிக்கிறதா என்று கேட்பீர்கள் என்று பார்த்தாளாம். "சத்தம் போடாத, ஆளுங்க பாக்குறாங்க" என்றீர்களாம். அந்த அழுகையை அன்றைக்கு விழுங்கியவள் இன்னும் முழுசாக வெளியே விடவில்லை என்று பாட்டில் வருகிறது. கடைசியில் இசையெல்லாம் நின்று, குழுவே சேர்ந்து "பாக்கட்டும்! பாக்கட்டும்!" என்று கத்துகிறார்கள், என் பல் டாக்டர் உட்பட. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சத்தம் அதிகம், அதனால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பாட்டு மூன்று நிமிடம், தங்களுடையது ஏழு நிமிடம் என்பதைத் தகவலுக்காக மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆகவே தாங்களும் சம்பந்தியம்மாளும் இந்தக் கடிதத்தைத் தந்திபோல் பாவித்து உடனே புறப்பட்டு வர வேண்டும். பத்தாவது பாட்டு பதிவாவதற்குள் நாம் நான்கு பெரியவர்களும் உட்கார்ந்து பேசி அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும். நான் பேச முடியாது, தாங்கள்தான் பேச வேண்டும். என் மனைவியோ ஒரு வார்த்தை பேசுவதில்லை. பாவம், சனிக்கிழமை அடைந்த அதிர்ச்சியிலிருந்து அவள் இன்னும் மீளவே இல்லை என்று நினைக்கிறேன், அடிக்கடி தனியாக ஏதோ யோசித்துக்கொண்டு நிற்கிறாள். சம்பந்தியம்மாளைப் போன்ற சாந்தமான ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவளுக்கும் ஆறுதலாக இருக்கும்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கத்தையும், தங்கள் சின்ன மகனுக்கு ஆசிகளையும் தெரிவிக்கவும். எல்லோரும் எல்லா நலமும் பெற்று, முடிந்தவரை சத்தமில்லாமல் வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள, தற்சமயம் வாய் பேசாத,
சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. மேலே எழுதியதை எல்லாம் தாங்கள் படிக்காததாகக் கருத வேண்டும். புறப்பட வேண்டாம். இன்று காலை பசை தேடிக்கொண்டிருந்தபோது அந்த அறையிலிருந்து மறுபடியும் ஒரு அலறல். ஆனால் தங்கள் மகள் என் எதிரே நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தால் அலமாரிக்குள் என் மனைவி! தலைமுடி கலைந்து, முகம் சிவந்து, சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பத்தாவது பாட்டுக்குக் கும்பலாகக் கத்தப் பெண்கள் வேண்டுமாம். "என்ன சொல்லிக் கத்தினே?" என்று சைகையில் கேட்டேன். "நீங்க ஹால்லேர்ந்து கூப்பிடும்போதெல்லாம் நான் அடுப்படியிலேர்ந்து சொல்ற வார்த்தைதான்" என்றாள். 'வர்றேன்'. அந்த ஒரு வார்த்தைதான், சம்பந்தி. முழுசாக ஒரு மூச்சுக்கு. இத்தனை வருடமாக அதை அவள் எவ்வளவு மெதுவாகச் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்னொரு விஷயம். சம்பந்தியம்மாள் அடுத்த வாரம் தன் அக்கா வீட்டுக்குப் போவதாகத் தங்களிடம் சொல்லியிருப்பார்கள். அவர்கள் வருவது இங்கே. என் மனைவி போனில் எல்லாம் பேசி முடித்துவிட்டாள். அவர்களும் ஒரு வார்த்தை கத்தப் போகிறார்களாம். எந்த வார்த்தை என்று எவ்வளவோ ஜாடை காட்டிக் கேட்டுப் பார்த்தேன். சொல்ல மாட்டேன் என்கிறாள். தங்களுக்கு ஏதாவது தோன்றினால் உடனே பதில் எழுதவும்.